உரிமம் வாங்கிய ஆலை வேறு, இன்று ஓடுகிற ஆலை வேறு

ஏதாவது ஒரு கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்தோ வாயுக் கசிவோ நடந்தால் மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: பாதுகாப்பு விதிமுறைகள் பின்பற்றப்படவில்லை. எந்த விதி, அது என்ன கேட்கிறது, யார் எப்போது அதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. அலட்சியமான முதலாளி ஒருவர் இருந்தார், விபத்து நடந்தது, கதை முடிந்தது. அபாய ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல்தான் வருகிறது. பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், கருவி இருந்திருக்கும், படிவம் இருந்திருக்கும், சில சமயம் கையெழுத்துகூட இருந்திருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த ஆலை ஒன்று, அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த ஆலை இன்னொன்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கண்டுபிடித்துச் சுருக்குவதுதான் விபத்துத் தடுப்பு விதிகளின் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

ஃப்ளிக்ஸ்பரோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இங்கிலாந்தில் நைலானுக்கு வேண்டிய கேப்ரோலேக்டம் செய்த ஆலை. சைக்ளோஹெக்ஸேனைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து ஆக்ஸிஜனேற்றம் செய்ய ஆறு ரியாக்டர்கள் (ரசாயன வினை நடக்கும் பெரிய கலன்கள்), ஒன்றைவிட அடுத்தது சற்றுத் தாழ்வாக, வரிசையாக நின்றன. 1974 மார்ச்சில் ஐந்தாவது ரியாக்டரில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். ரியாக்டர்களின் வாய் 28 அங்குலம், கையில் கிடைத்த குழாய் 20 அங்குலம். இரண்டு பக்கமும் உயரம் வேறு என்பதால் குழாயை வெட்டி, மடக்கி, வெல்டு செய்து, இரு முனைகளிலும் விரிந்து சுருங்கும் பெல்லோஸ் பொருத்தி, கீழே சாரக்கட்டுக் கம்பிகளால் முட்டுக் கொடுத்தார்கள். இதற்கான வரைபடம் என்ன தெரியுமா? பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போட்ட கோடுகள். அப்படி மடங்கிய குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது திமிறும், பெல்லோஸ் அந்தத் திமிறலுக்காகச் செய்யப்பட்டதல்ல என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒர்க்ஸ் இன்ஜினீயர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார், அந்த இடம் காலியாகவே கிடந்தது. குழாய் இரண்டு மாதம் தாங்கியது. ஜூன் 1ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, அது பிய்த்துக்கொண்டது, வெளியேறிய சைக்ளோஹெக்ஸேன் ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். வேலை நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடங்களில் இருந்தவர்களும் சேர்ந்து இந்த எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆலை கட்டப்பட்டபோது போட்ட வடிவமைப்பில் இந்தக் குழாயே கிடையாது. எந்த உரிமத்திலும், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பொருள் 28 பேரைக் கொன்றது.

இப்போது எல்லா நாட்டு விதிகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிற 'மாற்ற மேலாண்மை' இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் 1992இல் வந்த பிஎஸ்எம் (ரசாயன உற்பத்திமுறைப் பாதுகாப்பு மேலாண்மை) விதியில் 14 அம்சங்கள், அதில் இது ஒன்று. கேட்பது எளிய விஷயம்தான். எதையாவது மாற்றப் போகிறாயா, அப்படியானால் மாற்றுவதற்கு முன்பே எழுது: தொழில்நுட்பக் காரணம் என்ன, பாதுகாப்பை எப்படிப் பாதிக்கும், இயக்க முறைகளில் எதைத் திருத்த வேண்டும், எவ்வளவு நாளைக்கு, யார் அனுமதித்தது. சம்பந்தப்பட்ட ஆபரேட்டர்களுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். அதே பொருளுக்கு அதே பொருள் என்றால் இதெல்லாம் வேண்டாம் என்று ஒரு விலக்கு உண்டு, ஆட்டம் முழுவதும் நடப்பது அந்த விலக்குக்குள்தான். அதே அளவு கேஸ்கெட், ஆனால் வேறு பொருளில் செய்தது, இது 'அதே' வகையா? அதே பம்ப், ஆனால் இம்பெல்லர் கொஞ்சம் பெரியது? சப்ளையர் மாறிய அதே அமிலம், ஆனால் சுத்தம் ஒரு துளி வேறு? ஸ்டோர்ஸில் இருக்கிறவருக்கு எல்லாமே அதேதான். நள்ளிரவில் பம்ப் நின்று போய், ஷிஃப்ட் இன்ஜினீயரின் போன் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கும் அதேதான்.

பெயர் வேண்டாம், ஓர் ஆலையில் இன்டர்லாக் பைபாஸ் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இன்டர்லாக் என்பது அழுத்தமோ சூடோ எல்லை தாண்டினால் மனிதர் யாரும் தொடாமலே ஆலையை நிறுத்துகிற ஏற்பாடு. சென்சார் பழுதானால், பொய்யாக நிறுத்திவிடக் கூடாது என்று தற்காலிகமாக அதை பைபாஸில் போடுவார்கள், போட்டதை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள், நல்ல கையெழுத்தில், ஒன்றுவிடாமல். கடைசி நிரலில் 'மீண்டும் இயக்கப்படும் நாள்' என்ற தலைப்புக்குக் கீழே 'அடுத்த ஷட்டவுன்' என்று இருந்தது. அந்த ஷட்டவுன் வந்து, போய், ஆலை மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் தீர்ந்ததும் அந்த வரியை மட்டும் அடுத்த பக்கத்தில் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள், 'அடுத்த ஷட்டவுன்' உட்பட. ஆய்வாளர் வந்து, ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அந்த ஆலைக்கு நூற்றுக்கு நூறு.

சரி, போபாலுக்கு வருவோம், தமிழில் இதைப் பற்றி எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போக முடியாது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு, 610ஆம் எண் தொட்டி, உள்ளே சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட். தண்ணீர் எப்படி உள்ளே போனது என்ற சண்டையை விடுங்கள். அந்தத் தொட்டிக்குப் பாதுகாப்பாக என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு குளிரூட்டும் அமைப்பு, அது அந்த வருடம் ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைக் காரக் கரைசலில் கழுவ ஸ்கிரப்பர், அது ஸ்டாண்ட்பையில் இருந்தது. மிச்சத்தை எரித்துவிட ஃபிளேர் கோபுரம், அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. கடைசியாகத் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு, வாயு வெளியேறிய உயரத்துக்கு அது எட்டவில்லை. வரைபடத்தில் பார்த்தால் நான்கு அரண்கள், அந்த இரவில் பார்த்தால் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. குளிரூட்டியை நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான். ஆனால் அதை யாரும் மாற்றம் என்று நினைக்கவில்லை, செலவு மிச்சம் என்று நினைத்தார்கள். ஒரு பொருளைச் சேர்த்தால்தான் மாற்றம், எடுத்தால் மாற்றமில்லை என்ற மனநிலை இன்றைக்கும் பலரிடம் இருக்கிறது. ஆளைக் குறைப்பதும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

போபாலுக்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. இந்தியாவில் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், 1989இல் அபாயகர ரசாயனங்களின் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள், 1996இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்டமிடல் விதிகள். அமெரிக்காவில் 1986இல், ஊரில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று ஊர்மக்களுக்குத் தெரியும் உரிமையைத் தருகிற சட்டம். ஐரோப்பா அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. 1976 ஜூலையில் இத்தாலியின் செவெசோ மீது டையாக்சின் கலந்த மேகம் படிந்ததால் 1982இல் வந்தது முதல் செவெசோ உத்தரவு, 2012இல் வந்த மூன்றாவது வடிவம் இப்போது நடப்பில் இருக்கிறது.

இந்த விதிகளில் பலவற்றின் முதுகெலும்பு ஒரு பட்டியல்தான். இன்ன ரசாயனம், இன்ன அளவுக்கு மேல் வைத்திருந்தால் நீ பெரும் அபாய ஆலை, உன் கடமைகள் இவை. செவெசோ உத்தரவில் குளோரினுக்கு 10 டன் கீழ்வரம்பு, 25 டன் மேல்வரம்பு, மேல்வரம்பைத் தொட்டால் கடமைகள் கூடும். மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு 0.15 டன், அதாவது 150 கிலோ. போபால் தொட்டியில் இருந்தது அதைப்போல 260 மடங்குக்கும் மேல்.

பட்டியல் நல்லதுதான், எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் பட்டியல் இருந்தால் பட்டியலைச் சுற்றிக் கட்டுவதும் இருக்கும். வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தொட்டியின் அளவு முடிவாவதை நான் பார்த்திருக்கிறேன், அது சட்டவிரோதம் அல்ல, சில சமயம் அதனால் நல்லதும் நடக்கிறது. தொட்டியைச் சின்னதாக்கிவிட்டு, லாரி டேங்கர்களை ஆலை வாசலுக்கு வெளியே வரிசையில் நிறுத்துவதுதான் வேடிக்கை. போக்குவரத்தில் இருக்கும் சரக்கு பெரும்பாலும் இந்த விதிகளுக்கு வெளியே. வாயுவுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

பட்டியலில் இல்லாதது இன்னும் மோசம். 2013 ஏப்ரல் 17ஆம் தேதி டெக்ஸஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்தவர்கள் 15 பேர், அதில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். அந்தக் கிடங்கு அரசிடம் கொடுத்திருந்த அபாய மேலாண்மைத் திட்டம் பேசியது அம்மோனியா வாயுக் கசிவைப் பற்றி. அம்மோனியம் நைட்ரேட் அந்தத் திட்ட விதியின் பட்டியலிலேயே கிடையாது. தனியாக இருக்கும்போது சாதுவாக இருந்து, வேறொன்றோடு சேர்ந்தாலோ சூடேறினாலோ பொங்குகிற பொருள்களைப் பட்டியலில் அடக்குவதும் கஷ்டம். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2002இல் இப்படிப்பட்ட வினை விபத்துகள் 167ஐ எடுத்து அலசியது, பாதிக்கு மேற்பட்டவற்றில் சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் அப்போதைய விதிகளின் வரம்புக்குள் வரவே இல்லை.

2020 மே 7 விசாகப்பட்டினம் ஸ்டைரீன் கசிவு இந்த ரகம்தான். ஊரடங்கில் ஆலை நின்றிருந்தது, தொட்டி மட்டும் நிறைந்திருந்தது. ஸ்டைரீனை நீண்ட நாள் சும்மா வைத்தால் தானாகவே பாலிமராக மாறத் தொடங்கும், மாறும்போது சூடு கிளம்பும், சூடு கிளம்பினால் இன்னும் வேகமாக மாறும். அதைத் தடுக்க ஒரு தடுப்பானைக் கலந்து, குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும். வெப்பத்தை அளக்கும் கருவி தொட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது, சூடு ஏறிக்கொண்டிருந்ததோ மேற்பகுதியில். கட்டுப்பாட்டு அறையில் தெரிந்த எண் பொய்யல்ல, அடித்தளத்தைப் பற்றிய உண்மை. 12 பேர் இறந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு எழுதிய திட்டம், நின்றுபோன ஆலைக்குப் பொருந்தாது என்பதை நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த விபத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ஆலையை நிறுத்துவதும் மாற்றம்.

கூட்டம் என்றேனே, ஹாசாப் (HAZOP) என்கிற அபாய ஆய்வுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. குழாய் வரைபடத்தைச் சுவரில் காட்டி, ஒவ்வொரு பகுதியாக எடுத்து, ஓட்டம் இல்லாமல் போனால், அதிகமானால், குறைந்தால், திரும்பி ஓடினால் என்று அலுக்காமல் கேட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் காலையில் எல்லோரும் துடிப்பாக இருப்பார்கள். இரண்டாம் நாள் மதியம் 'திரும்பி ஓடினால்?' என்று கேட்டால் 'செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் ஓட விடும் வால்வு) இருக்கிறது, அடுத்து போங்கள்' என்ற பதில் வரும். அந்த செக் வால்வைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்கிற ஆள் ஒருவர் அறையில் இருக்க வேண்டும், அவர் பெரும்பாலும் மெயின்டெனன்ஸ்காரர் அல்லது வயதான ஆபரேட்டர், அவரைத்தான் ஷிஃப்டில் ஆள் இல்லை என்று கூட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பிஎஸ்எம் விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்த ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும். பழைய அறிக்கையைத் திறந்து தேதியை மாற்றினாலும் அது புதுப்பித்தல்தான், கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: நடுவில் போட்ட மாற்றப் படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இது புதிய அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பது. ஆய்வாளர்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தை இதில் செலவிடலாம்.

ஆய்வாளர்களைக் குறை சொல்வது சுலபம். செவெசோவின் மூன்றாவது உத்தரவுப்படி, வேறு முறையான மதிப்பீடு இல்லாவிட்டால், மேல்வரம்பு ஆலைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறையும் கீழ்வரம்பு ஆலைகளுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் நேரடி ஆய்வு நடந்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் குழாய் வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். ஹெல்மெட்டும் தீயணைப்பானின் காலாவதித் தேதியும் யார் கண்ணுக்கும் தெரியும், அதனால்தான் அறிக்கைகளில் அவையே நிறைகின்றன. 2005இல் டெக்ஸஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்துக்கு முன்பு, வழுக்கி விழுதல், கை நசுங்குதல் போன்ற தனிநபர் காய எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது, நிர்வாகம் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. இறந்த 15 பேரும் ஆபத்தான யூனிட்டுக்கு அருகில் நிறுத்தப்பட்டிருந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த கான்ட்ராக்ட் பணியாளர்கள். அந்த டிரெய்லர்களை அங்கே நிறுத்துவதற்கும் மாற்றப் படிவம் போட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அதில் முடிக்க வேண்டியவை என்று குறித்த வேலைகள் முடியுமுன்பே ஆட்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள்.

விதி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, செய்ய வேண்டியதை வரிக்கு வரி அரசே எழுதிக் கொடுப்பது. மற்றொன்று, 1988இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்த பிறகு கடல் மேடைகளுக்குப் பிரிட்டன் எடுத்த வழி: உன் ஆலையில் என்ன ஆபத்து, அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறாய் என்று நீயே வாதிட்டு நிரூபி, நாங்கள் ஒத்துக்கொண்டால்தான் ஓட்டலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, ஆனால் அதைப் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்கிற திறமையான அமைப்பு இல்லாத இடத்தில் அது வெறும் தடித்த புத்தகமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வரிக்கு வரி விதியே மேல்.

இதையெல்லாம் விட மலிவான வழி ஒன்று உண்டு. ஐசிஐ என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்த டிரெவர் கிளெட்ஸ் என்ற பொறியாளர் ஃப்ளிக்ஸ்பரோவுக்குப் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னது: உன்னிடம் இல்லாத பொருள் கசிய முடியாது. வாஷிங்டனின் புளூ பிளெய்ன்ஸ் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ரயில் டேங்கர்களில் குளோரின் நின்றுகொண்டிருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில வாரங்களில் அதை அகற்றிவிட்டு ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு மாறிவிட்டார்கள். சைரன், வெளியேற்றத் திட்டம், ஒத்திகை எல்லாம் சேர்ந்தும் தர முடியாத பாதுகாப்பு அது. எல்லா இடத்திலும் முடியாது, அந்த ரசாயனமே சரக்காக இருக்கும்போது என்ன செய்வது? ஆனால் 'ஏன் இவ்வளவு வைத்திருக்கிறாய்' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வைக்கிற விதி பல நாடுகளில் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது.

ஆலை மட்டுமல்ல, ஆலையைச் சுற்றியிருக்கும் ஊரும் மாறுகிறது. வெஸ்ட்டில் உரக் கிடங்குக்கு அருகில் பள்ளிகள், அடுக்குமாடிக் குடியிருப்பு, முதியோர் இல்லம் எல்லாம் இருந்தன. உரிமம் கொடுத்த நாளில் வெற்று நிலமாக இருந்ததைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டம், வீடுகள் வந்த பிறகும் அதே திட்டமாக இருக்கும். பிரான்சில் 2001 செப்டம்பர் 21ஆம் தேதி துலூஸ் நகரில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 31 பேர் இறந்த பிறகு, 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆபத்தான ஆலையைச் சுற்றி மண்டலங்கள் வரைந்து, புதுக் கட்டடத்தைத் தடுக்கவும், ஏற்கெனவே இருக்கும் வீட்டை வலுப்படுத்தச் சொல்லவும், மிக மோசமான இடத்தில் வீட்டையே கையகப்படுத்தவும் அதில் வழி இருக்கிறது. செலவு அதிகம், சண்டை அதற்கு மேல், வருடக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் நில வரைபடத்தைத் தொடாத அவசரத் திட்டம் பாதித் திட்டம்தான்.

ஊர்மக்களிடம் எவ்வளவு சொல்வது என்பதில் அரசுகள் தடுமாறுகின்றன. அமெரிக்காவில் மிக மோசமான விபத்து நடந்தால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்ற கணக்கை ஆலைகள் கொடுத்தாக வேண்டும், மிகப் பெரிய கலனில் உள்ள நச்சு வாயு முழுவதும் 10 நிமிடத்தில் வெளியேறினால் என்று எடுத்துக்கொண்டு. பொதுமக்கள் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள அரசு வாசிப்பறைக்குப் போக வேண்டும். படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், நகல் எடுக்க முடியாது. தீவிரவாதிகள் பயன்படுத்துவார்கள் என்ற பயம். பயம் நியாயம்தான், ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிறவருக்கு எந்தச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு வெளியேற வேண்டும் என்று தெரிவதில் என்ன ரகசியம் இருக்கிறது? விசாகப்பட்டினத்தில் சைரன் ஒலிக்கவே இல்லை. போபாலில் காற்று அடித்த திசையிலேயே ஓடியவர்கள் இருந்தார்கள், குறுக்காக ஓடு என்றோ ஈரத் துணியால் முகத்தை மூடு என்றோ சொல்ல யாரும் இல்லை.

இதுபோன்ற ஆலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. உள்ளூர் நிர்வாகத்திடம் ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தைக் கேளுங்கள் என்பேன். அதில் உங்கள் தெரு இருக்கிறதா, கடைசி ஒத்திகை எப்போது, அந்த ஒத்திகையில் தெருவாசிகள் கலந்துகொண்டார்களா அல்லது ஆலை ஊழியர்களே நோயாளியாக நடித்துவிட்டுப் போனார்களா, திட்டத்தில் எழுதியிருக்கும் தொட்டிகளின் எண்ணிக்கையும் இன்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் தெரிகிற எண்ணிக்கையும் ஒன்றா? கடைசிக் கேள்விக்கு யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, மொட்டை மாடி போதும்.